திரைக்கு வெளியே மருமகள்

எனக்குத் தூக்கம் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு, நாமும் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று ஒரு நினைப்பு விடாமல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூசுகிறவள் நான்.

எங்கள் ஊர் சென்னீர்குப்பத்திலிருந்து மருமகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வேலைக்கு லீவு போட வேண்டி வந்த கடுப்பு அவளுக்கு. அங்கே மேல்படிப்பு படிக்கும் சின்ன டாக்டர் ஒருவர் இருந்தார். மனசு விஷயத்தை நோயாளியிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்க ஒரு பெரிய டாக்டரம்மா அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சின்னவர் என்னைக் கேட்டதற்கெல்லாம் மருமகளே பதில் சொன்னாள். எங்கள் பக்கம் அப்படித்தான், கூட வந்தவர்கள்தான் பேசுவார்கள். நான் பகலெல்லாம் தூங்குவதாகச் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கிட்டு, கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கும்படி சின்னவருக்குச் சொன்னார்.

“சோறு போட்றது நானு. நான் வெளிய போவணுமா?” என்று முறைத்தபடி எழுந்தாள் மருமகள்.

அந்த அறைக்குக் கதவு கிடையாது, பச்சைத் திரைதான். வயசானால் காது கேட்காது என்று சின்னவருக்கு யார் சொன்னார்களோ, வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, “மருமக உங்கள அடிக்கிறாங்களா பாட்டி? சோறு ஒழுங்கா போடுறாங்களா?” என்றார்.

வெளியே பேச்சு நின்றது. திரைக்கடியில் மருமகளின் செருப்பு தெரிந்தது. அதெல்லாம் ஒன்றுமில்லை, தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தால் போதும் என்றேன். டாக்டரம்மா அவரைக் கடிந்துகொண்டார். நான்தான் திட்டு வாங்கித் தந்ததுபோல் சின்னவர் என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் மறுபடி வரச் சொன்னார்கள்.

பஸ்ஸில் மருமகள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்கத் தட்டு வைக்கும்போதெல்லாம், “ஒழுங்கா போட்டனா? டாக்டராண்ட சொல்லிக்கோ” என்றாள். மகன் டிவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

மறுமுறை அவள் உள்ளே வரவில்லை. திரையை விலக்கி என்னைத் தள்ளாத குறையாக விட்டாள்.

“போ, எல்லாத்தையும் சொல்லு. நான் ஒட்டுக் கேக்க மாட்டேன்.”

சொன்னபடியே மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை போய், முதுகைக் காட்டி நின்றாள்.

சின்னவர் முகத்தில் போன வாரத்து எரிச்சல் அப்படியே இருந்தது. ஆனாலும் நாற்காலியைக் கிட்டே இழுத்து, மெல்லக் கேட்டார். செத்தால் தேவலை என்று தோன்றுவதைச் சொன்னேன். அவர் சட்டென்று டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா, நீயே கேள் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். சின்னவர் என் பக்கம் திரும்பி, “எப்பத்துலேர்ந்து பாட்டி?” என்றார்.

வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கிலிருந்து என்றேன்.