வாய்க்கால் மீனைப் பார்க்கப் போனேன்

காலை 6.40, மல்லசமுத்திரம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் திருச்செங்கோட்டுக்கு ஏறினேன். பையில் ஒரு பாட்டில் தண்ணீர்; குடிக்க அல்ல, என் மீன்குட்டையில் மொண்டது. எட்டு மாதமாகியும் என் கட்லா மீன்கள் உள்ளங்கையைத் தாண்டவில்லை. "இந்த மாசம் தேறலைன்னா மண்ணைத் தள்ளி மூடிட்டு, குச்சிக்கிழங்கு ஊனிடறேன்" என்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். மூட விடுவேனா நான்? குட்டை வெட்டியதே என் யோசனை.

7.35, திருச்செங்கோடு. பரமத்தி வேலூர் பஸ்ஸில் முப்பத்தெட்டு ரூபாய். பக்கத்தில் காலி வெற்றிலைக் கூடையோடு இருந்தவர் பாட்டிலைப் பார்த்து, "ஏனுங்க, கோயில் தீர்த்தமுங்களா?" என்றார். "மீன் தண்ணிங்க" என்றேன். மனுஷர் கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

9.40, பரமத்தி வேலூரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் மினி பஸ்ஸில், பாண்டமங்கலம் பக்கம். வாழைத்தோட்டத்துக்கு நடுவே மல்லிகா அக்காவின் குட்டை. நானும் அவரும் ஒரே பண்ணையில் ஒரே நாளில் மீன்குஞ்சு வாங்கியவர்கள், பழக்கம் அங்கேதான். அக்கா வலையை இழுத்தார். அடேயப்பா! முக்கால் கிலோவுக்குக் குறையாமல் துள்ளின. எனக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கென்னக்கா, வாய்க்கால்ல காவிரியே வந்து பாயுது. எனக்குத் தொள்ளாயிரம் அடி போர் தண்ணி" என்றேன் வெடுக்கென்று.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாய்க்கால் அடைக்கற மாசம் நானும் போர் தண்ணிதான் உடறேன் அம்மிணி. அதுல காத்தும் இல்ல, தீனியும் இல்ல. கல்லு மேல உழுந்து தெறிக்க உட்டு, நாலு நாள் வெயில் காட்டி, சாணி கரைச்சு ஊத்தோணும். அப்பத்தான் தண்ணி பாசியாப் பச்சை புடிக்கும்." என் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதென்ன, கண்ணாடியாட்டம் இருக்குது?"

"பச்சை புடிச்ச அன்னைக்கே மோட்டார் போட்டு இறைச்சுட்டுப் புதுத் தண்ணி உட்டுருவேன்க்கா. சுத்தமா வெச்சிருக்கறேன்" என்றேன் பெருமையாக.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பச்சைதான் அதுங்களுக்குச் சோறு!"

முழங்கை வரை கையைத் தன் குட்டைக்குள் விடச் சொன்னார். உள்ளங்கை தெரியவில்லை. "இந்த அளவு போதும். ரொம்பப் பச்சை ஏறுனா விடியக்காலம் மீன் மேல வந்து வாயைத் தொறக்கும். அப்பத் தண்ணியைக் கொஞ்சமா மாத்து."

எட்டு மாதமாக அதுகளின் சோற்றை நானே பிடுங்கிக் கொட்டியிருக்கிறேன். அழுகை வந்தது, அதைவிட என் மேலேயே ஆத்திரம் வந்தது.

திரும்பும் வழியில் வாழையும் வெற்றிலைக்கொடியும் பின்னே போய், எங்கள் பக்கத்துக் கல்லுக்காடு வந்தது. காலையில் அதைத் திட்டிக்கொண்டே போனவள், இப்போது திட்டவில்லை.

மாலை 4.20, வீடு. தூரத்திலேயே மோட்டார் சத்தம். ஓடினேன். வரப்பில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "இன்னைக்கு வெயிலுக்கு லேசாப் பச்சை தட்டுச்சு. நீ வந்து சிரமப்பட வேண்டாம்னு இறைச்சுட்டிருக்கறேன்."

சுவிட்சை அணைத்தேன். பாதிக் குட்டை மிச்சமிருந்தது.

"என்னைக் கேக்காம இனி மோட்டாரைத் தொடாதீங்க. ஆறு மாசத்துக்கு மூடற பேச்சும் வேண்டாம்."

"ஆறு மாசத்துல இதுங்க வளர்ந்துருமாக்கும்?"

"இத்தனை நாள் அரைப்பட்டினி கெடந்தே உசுரோட இருக்குதுங்க. சோறு போட்டா வளராதுங்களா?"