திராட்சை ஊறிய ஜாடி

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பெரிய பீங்கான் ஜாடி இருக்கிறது. இப்போது அதில் மாங்காய் ஊறுகாய். மூடியைத் திறக்கும்போதெல்லாம் முகர்ந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. மனைவி சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ராயபுரத்தில் ஒரு கோயில் உபதேசியார் நடத்திய வீட்டில் குடியை விட வந்தவர்கள் ஒன்பது பேர் இருந்தோம். எல்லாரும் துறைமுகத்து ஆட்கள். மதுவிலக்கு வந்து கள்ளுக்கடையை மூடியதும் வார்னிஷைக் குடித்த மேதாவிகள். விடியலில் ஜெபம், பகலில் கப்பல் வேலை, சாயங்காலம் வாசலில் உபதேசியார். தோளை அணைக்கிற சாக்கில் வாயை முகர்ந்துவிடுவார். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர். பாம்பின் கால் பாம்பறியாதா?

ஞாயிறு ஆராதனையில் எங்களுக்குத் தரும் திருவிருந்தில் ஒயின் கிடையாது. உலர்ந்த திராட்சையைச் சனிக்கிழமை காலையில் ஊறவைத்து, மாலையில் கொதிக்கவைத்துப் பிழிந்த சாறுதான். முறை வைத்துச் செய்வோம். என் முறை வந்த வாரம் எர்ணாவூர் தாய்வீட்டிலிருந்து மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஞாயித்துக்கெயம கோயிலுக்கு வரேன். ஆளு தெளிஞ்சிருந்தா இட்டுகினு போறேன். இல்லாங்காட்டி இத்தோட சரி."

அவள் குடிக்கப்போகிற சாறாயிற்றே! நன்றாக ஊறட்டும் என்று புதன்கிழமையே போட்டேன். இனிக்கட்டும் என்று வெல்லமும் தட்டிப் போட்டேன். சித்திரை வெயிலை மறந்துபோனேன், மடையன். சனிக்கிழமை மூடியைத் திறந்தால் குப்பென்று அடித்தது சாராய வாடை. சமையலறையில் வேறு யாரும் இல்லை. சொல்ல எனக்கு வெட்கமில்லை: ஜாடியைத் தூக்கிவிட்டேன். விளிம்பு உதட்டில் பட்டபோதுதான் எர்ணாவூர் ஞாபகம் வந்தது. கீழே வைத்துவிட்டு, "ஐயா, ஓடியாங்க!" என்று கத்தினேன்.

ஓடிவந்த உபதேசியார் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"கொட்டிடு நைனா."

"கை வரலீங்க."

"தனியா எனக்கும் வராது. நீ ஒரு பக்கம் புடி, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் கடற்கரை மணல்வரை தூக்கிப்போய்க் கவிழ்த்தோம். அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. "பதினஞ்சு வருசமாச்சு, இன்னும் ஆடுது பாரு," என்று சிரித்தார். அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிழைத்துவிடுவோம் என்ற தைரியமே வந்தது.

ஊறப்போடாமல் மிச்சமிருந்த ஒரு பிடித் திராட்சையில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சாறு. ஆராதனை முடிந்ததும் மனைவி என்னை ஓரமாக அழைத்தாள்.

"இன்னாய்யா அது, வெறும் தண்ணியா கீது?"

ஒன்றையும் மறைக்கவில்லை. உதட்டில் பட்டதையும், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்ததையும் சொன்னேன். சொல்லும்போதே, போச்சு, இவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் கிட்டே வந்தாள். மற்ற எட்டுப் பேரும் பார்க்க, என் வாயை முகர்ந்தாள். பிறகு உபதேசியாரிடம் திரும்பினாள்.

"ஐயா, அந்த ஜாடியையும் குடுங்க. இன்னொரு பக்கம் புடிக்க வூட்ல நான் கீறேன்."

உபதேசியார் காலமாகிவிட்டார். அந்த வீடு இருந்த இடத்தில் இன்று ஏதோ கிடங்கு. ஊறுகாய் தீர்ந்து ஜாடியைக் கழுவ இறக்கும்போது, என் கையில் இன்னமும் வலு இருக்கிறதென்று எத்தனை சொன்னாலும், ஒரு பக்கத்தை அவள்தான் பிடிக்கிறாள்.