எந்த வரிசையிலும் உட்காராத கன்று

அந்த ஒற்றை றப்பர் கன்று அண்ணியின் இடுப்பில் பிள்ளையைப் போல உட்கார்ந்துதான் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில், நான்கே இலையோடு. தொண்ணூற்றாறாம் வருடம், இலங்கையில் கேகாலைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றில், கன்று வளர்க்கும் நர்சரியில் அண்ணி வேலை செய்தார். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நர்சரி ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி வேலை அந்த முறை அண்ணிக்குத்தான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதுவரை ஒரு பெண்ணுக்கும் கிடைக்காத வேலை அது.

கன்றுகளை நடுவதற்கு மலைக்கு அனுப்புமுன் சம வரிசைகளாக அடுக்கவேண்டும். கணக்கப்பிள்ளை நீளத்தில் ஒரு வரிசை, அகலத்தில் ஒரு வரிசை எண்ணிப் பெருக்கி எழுதிக்கொள்வார். அண்ணியோ ஒவ்வொரு பையையும் தொட்டு எண்ணியிருந்தார்: எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்று. பத்துப் பத்தாக அடுக்கினார்கள், ஒன்று மிஞ்சியது. பதினாலாக அடுக்கினார்கள், ஒன்று. பதினைந்தாக அடுக்கினாலும் அதே ஒன்று!

“ஏதோ ஒரு வரிசையில ஒன்னு கொறையுது, அந்த எடத்துக் கன்னுதான் இது. எண்ணத் தெரியாதவளுக்குக் கங்காணி வேலை எதுக்கு?” என்றார் கணக்கப்பிள்ளை.

நானும் யோக்கியமானவள் இல்லை. “ஒன்னக் கொறச்சுச் சொல்லிருங்க அண்ணி, வேலை கைக்கு வந்துரும்” என்றேன். அண்ணி முறைத்தார். “இருக்கிறத இல்லன்னு சொல்லவா? நீயெல்லாம் கணக்கு டீச்சர்!” சுருக்கென்றது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கொப்பியை எடுத்து வகுக்க உட்கார்ந்தேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று எதில் வகுத்தாலும் மீதி. எண்பத்தொன்பதோடு நிறுத்தினேன். தொண்ணூற்றொன்றைத் தொண்ணூற்றொன்றால் பெருக்கினாலே அந்த எண்ணைத் தாண்டிவிடும். வரிசை அதற்குமேல் நீண்டால் வரிசைகளின் எண்ணிக்கை சின்னதாகத்தான் இருக்கவேண்டும். சின்ன எண்களையெல்லாம்தான் பார்த்தாயிற்றே. அட, இது பகா எண்! பதினேழையும் பத்தொன்பதையும் கரும்பலகையில் எழுதிப் பழகிய எனக்கு, இவ்வளவு பெரிய பகா எண் எங்கள் நர்சரிச் சேற்றில் கிடக்கும் என்று தோன்றியதே இல்லை. ஒன்றைக் கழித்தால் இன்னும் வேடிக்கை: இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதின்மூன்று எல்லாவற்றாலும் வகுபடுகிறது. அதனால்தான் பத்து, பதினாலு, பதினைந்து என்று அடுக்கியபோதெல்லாம் ஒன்றே ஒன்று மிஞ்சி அண்ணியைப் பொய்க்காரியாக்கியது.

கொப்பியோடு ஓடினேன். கணக்கப்பிள்ளை இரண்டு பக்கம் புரட்டினார். “வகுபடாத கன்னா? புதுசா இருக்கே டீச்சர்” என்று சிரித்தார். ஒரு தடவை எண்ணிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். லொறி வந்துவிட்டது. எட்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு என்று எழுதிப் புத்தகத்தை மூடினார். கங்காணி வேலை மேல் டிவிஷன் ஆளொருவருக்குப் போனது. அண்ணி, “இல்லாத கன்னுதானே, நான் தூக்கிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பதின்மூன்று வருடமாகிறது. லயத்துப் பின்பக்கம் அந்தக் கன்று கூரைக்கு மேலே வளர்ந்து நிற்கிறது. போன வாரம் அதன் நிழலில் உட்கார்ந்து, இலட்சக்கணக்கான இலக்கங்கள் கொண்ட பகா எண்களைக் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கிறார்களாம் என்று அண்ணியிடம் சொன்னேன்.

“கண்டுபிடிச்சவங்க சொன்னத நம்புனாங்களா?” என்று கேட்டார்.

“ஒடனே இல்ல அண்ணி. வேற ஆளுங்க திரும்பவும் கணக்குப் போட்டுப் பாத்துத்தான் ஒத்துக்குவாங்களாம்.”

அண்ணி மரத்தின் பட்டையைத் தடவிக்கொடுத்தார்.

“திரும்பப் பாக்குறாங்கல்ல,” என்றார். “அது போதும்.”