கிராக்கோவில் என்ன சாப்பாடு?

கொழிஞ்சாம்பாறையில் நிலக்கடலை போடும் ஆறுச்சாமியைக் கேட்டால், போலந்து தேசத்துக் கிராக்கோ நகரத்தில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வார். குன்றின்மேல் அரண்மனை. அதை ஒட்டி ராஜாக்களைப் புதைத்த மாதா கோயில். வாசலில் ராட்சச எலும்புகள் சங்கிலியில் தொங்கும். சந்தைத் திடலின் கோபுரத்தில் மணிக்கொரு தரம் ஒருவன் கொம்பு ஊதுவான், பாதியில் நிறுத்திவிடுவான். ஊருக்கு வெளியே, பூமிக்கடியில், உப்பைச் செதுக்கியே ஒரு கோயில். உலகச் சண்டைக்குப் போனவர், எல்லாம் பார்த்துத்தான் வந்திருக்கிறார் என்று ஊர் நம்பியது. அவரும் இல்லையென்று சொன்னதில்லை.

1954 தை மாதம் கோவிந்தாபுரத்திலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை கமலாத்தாளுக்குப் பெண்ணைப் பிடித்தது. ஆனால் இலை போட்டும் உட்காரவில்லை. சம்மதம் இல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு இடம் இப்படித்தான் எழுந்து போயிருந்தது. சந்து பொந்தெல்லாம் தெரிகிற அளவுக்குக் கிராக்கோவில் இருந்தவர் அங்கே ஒரு குடும்பம் வைத்திருக்க மாட்டாரா என்பது கமலாத்தாளின் கேள்வி.

ஆறுச்சாமியின் முகம் கறுத்தது. தான் அங்கே போனதேயில்லை என்றார். இத்தாலியில் படை ஆஸ்பத்திரியில், பக்கத்துக் கட்டிலில் கிடந்த போலந்துச் சிப்பாய் அரைகுறை இங்கிலீஷில் ஓயாமல் சொன்னதாம் அத்தனையும்.

“போகாத ஊருக்கு இத்தன வழி தெரியுமாங்க?” கமலாத்தாள் எழுந்துவிட்டாள்.

அதே சந்தேகம் அவர் மனைவி மருதாத்தாளுக்கும் பல வருஷமாக உண்டு. இப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

“ஏனுங்க, அந்த ஊர்ல என்ன சாப்புடுவாங்க?”

“அவனுக்கு வயித்துல குண்டு, புள்ள. சோத்தப் பத்தி எங்க பேசுனான்?”

மருதாத்தாள் கமலாத்தாள் பக்கம் திரும்பினாள். பொள்ளாச்சிக்குப் போய்வந்தாலும் இந்த மனுஷன் முதலில் சொல்வது தின்றதைத்தான் என்றாள். போன வருஷம் கோவிந்தாபுரத்துக் கல்யாணத்தில் ரசத்தில் புளி தூக்கல் என்று இன்னும் புலம்புகிறார். இத்தனை கோபுரம் சொன்னவர் அந்த ஊரில் ஒரு கவளம் தின்றதாகச் சொன்னதில்லையே.

கமலாத்தாளும் அந்த ரசத்தைக் குடித்தவள்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். “எலையப் போடு, அம்மிணி.”

வண்டி கிளம்பிப் போன பிறகு ஆறுச்சாமி சாப்பிட உட்கார்ந்தார். மருதாத்தாள் ரசத்தை ஊற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

“சாப்பாட்ட ஒளிக்க உங்களுக்குத் தெரியாதுங்க. ஆனா அந்த ஊர்ப் பொம்பளைங்களப் பத்தியும் ஒரு வார்த்த சொன்னதில்லியே, அது ஏனுங்க?”

ரசம் நன்றாக இருக்கிறது என்றார் ஆறுச்சாமி.