கடையை மூடிய தட்டக்கா

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஒரு கால்சட்டையின் கீழ்மடிப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள் தட்டக்கா. பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால் இன்னும் இரண்டு ஊசி வாய்க்குள் போகும். அவசரம் என்று யாராவது குதித்தால் மட்டும் அத்தனையையும் உள்ளங்கையில் துப்பிவிட்டு, "இடுப்பை இஷ்டத்துக்கு வளத்துட்டு வந்து என்னை எதுக்குப்பா விரட்டறே?" என்பாள்.

துணிக்கடையின் மாடிப்படிக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், அவளுடைய தையல் மிஷின். ஆண்களின் சட்டையை வாங்கினால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். "பழக்கதோஷம்" என்று சிரித்துவிட்டு, வீட்டில் அந்தம்மா சௌக்கியமா என்று போகிறபோக்கில் விசாரிப்பாள்.

பெயர் வந்தது மதுக்கடையால். அப்போது அது தெருமுனையிலேயே இருந்தது. சம்பளத்தன்று ஆண்கள் குடித்துவிட்டு வருவார்கள். பின்னாலேயே வீட்டுக்கு வீடு அலறல். ஒருநாள் காலை, எதிர்வீட்டுக்காரி கன்னம் வீங்க வந்து நின்றாள்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா."

"கதவுக்கு அஞ்சு விரலாடி இருக்கு?"

கேட்ட கையோடு சமையலறைக்குள் போனவள், தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு நேரே கடைவாசலில் போய் நின்று அடிக்க ஆரம்பித்தாள். முதலில் வசவு வந்தது. அப்புறம் இன்னொரு தட்டு வந்தது. பிறகு தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கடைக்காரர் தண்ணீரைப் பீய்ச்சினார். போலீஸ் வண்டியில் ஏற்றினார்கள், வண்டிக்குள்ளும் தட்டடித்தார்கள். கடைக்குள்ளே குடித்துக்கொண்டிருந்த தட்டக்காவின் கணவர் பின்வாசல் வழியே நழுவி, வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்து, சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர். குடித்தாலும் கை நீட்டாதவர். "என்னைக் கட்டிக்கிட்டு ஊரைத் திருத்தப் போறியா?" என்று சிரித்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் கடைக்குப் பூட்டு விழுந்தது. பெண்கள் அவளைத் தோளில் தூக்காத குறைதான்.

கடை, பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் போய்த் திறந்துகொண்டது. அவ்வளவு தூரம் நடக்க அலுத்துப் பலர் குடியைக் குறைத்தார்கள், எதிர்வீட்டுக்காரன் விட்டேவிட்டான். வர்ணக்காரர் மட்டும் நடந்தார். ஒரு மாலை, திரும்பி வருகையில் லாரி அடித்துவிட்டது.

துக்கத்துக்கு வந்த நாத்தனார் எல்லார் முன்னிலையிலும் கேட்டாள். "கடை முனையிலயே இருந்திருந்தா எங்கண்ணன் அந்த ரோட்டைத் தாண்டியிருப்பாரா அண்ணி?"

அதே இடத்தில் எதிர்வீட்டுக்காரி தட்டக்காவின் கையைப் பற்றிக்கொண்டு, "நீங்க இல்லேன்னா இந்நேரம் நான் செத்திருப்பேன்க்கா" என்று அழுதாள். எதை எதிலிருந்து கழிப்பது என்று தட்டக்காவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை. தையலைப் பிரித்தால் எந்தப் பக்கம் துணி என்றாவது தெரியும். இதைப் பிரிக்கப் பிரிக்கச் சிக்கல்தான்.

போன வாரம் பக்கத்துத் தெரு நர்ஸ் குனிந்து படிக்கட்டுக்கு அடியில் வந்தாள். பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் போன மதுக்கடையையும் மூடச் சொல்லிப் போராட்டமாம், தட்டக்காதான் முன்வரிசையாம்.

ஊசிகள் வாய்க்குள் போயின. நர்ஸ் நகர்வதாக இல்லை. கடைசியில் அவற்றைத் துப்பிவிட்டு, "மூடிட்டா குடிக்கறவங்க எங்கம்மா போவாங்க?" என்றாள் தட்டக்கா.

"மூடலேன்னா நாம எங்கக்கா போறது?"

"அதுவும் சரிதான். ரெண்டும் சரின்னு படுதே, அதான் தலை சுத்துது."

"வருவீங்களா, மாட்டீங்களா?"

"தெரியலையேம்மா."

போனாள். போராட்டத்துக்கு எதற்குப் போகிறோம் என்று தட்டக்கா வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு போனாள். முன்வரிசையில் உட்கார்ந்தும் கோஷம் தொண்டையை விட்டு வரவில்லை. சற்று நேரத்தில் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்த ஒருவர், தள்ளாடியபடி சாலையில் கால் வைத்தார்.

தட்டக்கா எழுந்தாள்.

"எங்கக்கா போறீங்க? போட்டோ எடுக்கறாங்க!" என்றாள் நர்ஸ்.

அவள் திரும்பவில்லை. அந்த ஆளின் முழங்கையை இறுகப் பிடித்து, மறுகையை உயர்த்தி வண்டிகளை நிறுத்தி, அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். பிறகு திரும்பி வந்து தன் இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "மூடு, கடையை மூடு!" என்று எல்லாரையும் விட உரக்கக் கத்தினாள்.