இருபத்துமூன்று டிகிரி

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவள் வாயாலேயே கேட்டது. நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. நம்ப மனமில்லாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். குற்றமில்லை.

அவளை வீட்டில் சின்னவள் என்று அழைப்பார்கள். மூத்தவள் பெரியவள். பெரியவள் இறந்த பிறகும் சின்னவள் சின்னவளாகவே இருந்தாள்.

பெரியவளுக்குக் கார்ப் பந்தயம் என்றால் உயிர். இரண்டு கார்கள் நேர்ப்பாதையில் ஓடும்; முதலில் கோட்டைத் தொடுவது வெல்லும். பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி, என்ஜினுக்குக் கூடுதல் சக்தி தரும் டர்போ பொருத்தி, அதை ட்யூன் செய்யப் பெயர்பெற்ற ஒரு பட்டறையில் விட்டாள். பட்டறைக்காரரை எல்லாரும் டாக்டர் என்றார்கள். என்ஜினின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடுவாராம். அவரும் அந்தப் பட்டத்தை மறுத்ததில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் பெரியவள் முகம் வாடி வந்தாள்.

“வேகம் ஏறினா தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம் வருதுடி. குறைச்சிடுங்க டாக்டர்னு கெஞ்சிட்டு வந்தேன். ஒண்ணுமில்ல, போய் ஓட்டுன்னுட்டாரு.”

எதைக் குறைக்கச் சொன்னாள் என்று சின்னவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தீட்டுகிறவள்.

மறுநாள் பாதித் தூரத்திலேயே என்ஜின் வெடித்தது. சிதறிய எண்ணெய் சக்கரத்தில் பட்டது. கார் வழுக்கிச் சுவரில் மோதியது. அவ்வளவுதான்.

துக்கம் கேட்க வந்த டாக்டர் வாசலில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

“என் வேலையில குறையே இல்ல. பதட்டத்துல கியரை மாத்திப் போட்டுட்டா. நான் என்ன பண்ண முடியும்?”

அம்மா அதை நம்பினாள். அன்றுமுதல் பெரியவளைப் பற்றிப் பேச்செடுக்கும்போதெல்லாம் “திமிர் பிடிச்சவ, தானாப் போய்ச் சேர்ந்தா” என்றாள். அழுகையும் வசையும் ஒன்றாகவே வந்தன. சின்னவளால் அதைத் தாங்க முடியவில்லை.

தவறு யாருடையது? அது தெரிய வேண்டும். தெரிந்த பிறகு, அதை அந்த ஆள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் டாக்டர் ஞாயிறுதோறும் நடத்திய ட்யூனிங் அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்தாள். பெரியவளின் தங்கை என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்கும் முகம் நினைவில்லை. துக்க வீட்டில் அவர் யாரையும் நிமிர்ந்து பார்த்திருக்கவில்லை.

கூடப் படித்தவர் ஒருவர்தான். ஐம்பதைத் தாண்டிய டாக்ஸிக்காரர். சின்னவளை “அம்மாடி” என்பார். வாய் ஓயாது.

“என் வண்டிக்கு டர்போ வெச்சா, மீட்டருக்கும் ஒண்ணு வெச்சிக் குடுப்பீங்களா சார்?”

“வாய்க்கு ஒரு பூட்டு வெச்சிக் குடுக்கிறேன்” என்பார் டாக்டர்.

முதல் பாடம் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியைப் பற்றியது. என்ஜினுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்பு என்பதை டிகிரியில் சொல்வார்கள். டிகிரி கூடினால் சக்தியும் கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைக் கடந்தால், ஏறிவரும் பிஸ்டனின் தலையிலேயே வெடிப்பு அடிக்கும்.

“அப்போ எப்படிச் சத்தம் வரும் சார்?” என்று சின்னவள் கேட்டாள்.

“தகர டப்பாவுல கூழாங்கல்லு குலுக்குற மாதிரி. அதைக் கேட்டதும் காலை எடுத்துடணும். எடுக்கலன்னா என்ஜின் காலி.”

பெரியவள் சொன்ன அதே வார்த்தைகள்.

பட்டறைச் சுவரில் ஒரு பலகை இருந்தது. அங்கே ட்யூன் செய்த கார்களும் அவற்றின் குதிரைச் சக்தியும் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. முதலிடத்தில் ‘சிவப்புக் கார்’. சாம்பலாகிவிட்டவளின் கார் அங்கே இன்னும் முதலிடத்தில் இருந்தது! வருகிறவர்களிடமெல்லாம் டாக்டர் அதைத்தான் காட்டிப் பெருமை பேசினார்.

“எப்படி சார் இவ்ளோ எடுத்தீங்க?” என்றார் டாக்ஸிக்காரர்.

“போர்டுக்காகக் கடைசி ஓட்டத்துல மட்டும் கொஞ்சம் டிகிரி ஏத்துவோம். எழுதினதும் இறக்கிடணும். இறக்காமக் குடுத்தா அது கொலை.”

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து சர்வசாதாரணமாக வந்தது.

அன்றிரவு சின்னவள் உறங்கவில்லை. அக்காவின் பழைய சட்டையை அணிந்துகொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். ‘வா. உனக்குச் செய்தவனை நீயே வந்து கேள்’ என்று மனத்துக்குள் சொன்னாள். வேண்டுதலாகச் சொல்லவில்லை. கட்டளையாகச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு. பட்டப்பகல். அக்கம்பக்கத்தார் சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார்கள் என்பதால் ஷட்டர் பாதி இறக்கப்பட்டிருந்தது. உள்ளே காரின் சக்தியை அளக்கும் டைனோ. காரின் சக்கரங்கள் தரையில் பதித்த உருளைகளின் மேல் சுழலும். கார் இருந்த இடத்திலேயே இருக்கும். மேலே வெள்ளை நிறப் பயிற்சிக் கார் கட்டப்பட்டிருந்தது.

டாக்ஸிக்காரர் அவள் காதருகே குனிந்தார்.

“அம்மாடி, வெளிய பேசிக்கிறாங்க. செத்துப்போன அந்தப் பொண்ணோட என்ஜினைச் சரிபண்ணி இதுலதான் மாட்டியிருக்காராம்.”

சின்னவள் காரின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

லேப்டாப்பில் எண்கள் நிறைந்த கட்டங்கள். உச்ச வேகத்துக்குரிய கட்டத்தில் பதினெட்டு டிகிரி என்று போடச் சொன்னார் டாக்டர். அவள் போட்டாள். காரில் ஏறி, இருக்கையைத் தனக்கு எட்டும்படி முன்னே இழுத்து, என்ஜினை இயக்கினாள். டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதன் கம்பி என்ஜினில் பொருத்திய சிறிய மைக்குக்குப் போயிற்று. என்ஜினுக்குள் கேட்கும் சத்தம் நேரே காதுக்கு வரும்.

கேட்டவர் முகம் சுளித்தார்.

“யாரு பேசுறது?”

“யாரும் பேசல சார்.”

அவர் திரையைப் பார்த்தார்.

“இருபத்துமூணுன்னு இருக்கு! யாரு மாத்துனது?”

“நான் பதினெட்டுதான் சார் போட்டேன்.”

அவரே பதினெட்டு என்று அடித்தார். சேமித்தார். கண் இமைத்துத் திறப்பதற்குள் இருபத்துமூன்று. மறுபடியும் அடித்தார். மறுபடியும் இருபத்துமூன்று.

“இறங்கு கீழ. இந்த நம்பரை உனக்கு யாரு சொன்னது?”

அதுவரை ‘வாங்க, போங்க’ என்று பேசியவர், இப்போது ஒருமைக்கு இறங்கியிருந்தார். நெற்றியில் வியர்வை.

“எந்த நம்பர் சார்? எனக்கு ஒண்ணும் தெரியாது.”

கேபிள் கெட்டுவிட்டது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு வேறொன்றை மாற்றினார். அந்த இடைவெளியில் டாக்ஸிக்காரர் ஹெட்போனை எடுத்து வேடிக்கையாகக் காதில் வைத்தார். அவர் சிரிப்பு மெல்ல அணைந்தது.

“சார்... இதுல யாரோ மூச்சு வாங்குறாங்க.”

டாக்டர் ஹெட்போனைப் பிடுங்கினார்.

“என் பட்டறையில பேயா? பகல்லயா? ஏறும்மா வண்டியில. ஓட்டிக் காட்டுறேன்.”

சின்னவள் மறுபடி ஏறினாள். இருக்கை கடைசிவரை பின்னே தள்ளப்பட்டிருந்தது. இடையில் யாரும் அதில் உட்காரவில்லை. அது நெடிய ஒருவருக்கான அளவு. பெரியவள் நெடியவள். சின்னவள் இருக்கையை முன்னே இழுத்துப் பூட்டினாள்.

கதவுக் கண்ணாடிகளை ஏற்றினாள். காதில் அடைப்பானைச் செருகினாள். எதிரே, கையில் தீயணைப்பானோடு டாக்ஸிக்காரர். பக்கவாட்டில் லேப்டாப்பும் டாக்டரும்.

அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

அவள் கியர்களை ஏற்றி, ஆக்சிலேட்டரை அழுத்தினாள்.

நாலாயிரம் சுற்று. முள் சீராக ஏறியது. உருளைகள் இரைந்தன.

ஐயாயிரம். இருக்கை...

இருக்கை பின்னே போயிருந்தது. பூட்டிய இருக்கை. ஸ்டீயரிங் எட்டாத தூரத்துக்கு நகர்ந்திருந்தது.

ஆனால் கால் எட்டியது.

ஆறாயிரம். டாக்டர் கையை வீசினார். நிறுத்து என்று பொருள். அவள் காலை எடுத்தாள்.

முள் இறங்கவில்லை.

சாவியைத் திருகி, உருவிக் கையில் எடுத்தாள்.

என்ஜின் ஓடியது.

டாக்டர் இரு கைகளாலும் ஹெட்போனை இழுத்தார். அது காதைவிட்டு வரவில்லை. வாய் அசைந்தது. யாருக்கோ பதில் சொன்னார். தலையை ஆட்டினார். ஒரு கையால் விசைகளைத் தட்டினார். பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு...

ஏழாயிரம்.

கூழாங்கற்கள் குலுங்கின. அடைப்பானைத் தாண்டிக் கேட்டது. எலும்பில் கேட்டது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போது அவள் மனத்தில் எழுந்த ஆசை இதுதான்: நிற்காதே.

டாக்டர் மண்டியிட்டார்.

என்ஜின் சட்டென்று நின்றது.

நிசப்தத்தில் அவர் அலறல் மட்டும் மிஞ்சியது.

“ஆமா! போர்டுக்காகத்தான் ஏத்தினேன்! இருபத்துமூணு! இறக்கல! நீ வந்து கெஞ்சினப்பவும் இறக்கல! கியர் தப்புன்னது பொய்! போதுமா? போதுமா?”

காரிலிருந்து எப்போது, எப்படி இறங்கினோம் என்பதே சின்னவளுக்கு நினைவில்லை. சுவரோரம் நின்றிருந்தாள். உருளைகள் இன்னும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன.

டாக்டருக்கு இரண்டு காதும் போயின. மருத்துவர்கள் என்னென்னவோ சொன்னார்கள். மனிதர் குரல் எதுவும் அவருக்குக் கேட்பதில்லை. பக்கத்தில் நின்று கத்தினாலும் திரும்புவதில்லை. ஆனால் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாப்பிடும்போதும் உறங்கும்போதும், “குறைச்சிட்டேன்... குறைச்சிட்டேன்மா...” என்று. அவர் சொல்வதை அந்தப் பக்கம் கேட்பவள் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சின்னவள் தான் யார் என்பதைச் சொல்லி, டாக்ஸிக்காரரை வீட்டுக்கு அழைத்துவந்தாள். தாம் கேட்டதை அவர் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா, “எம் புள்ள ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கா” என்றாள். வசை ஒட்டாத அழுகை அன்றுதான் வந்தது.

வழியனுப்ப வாசல்வரை வந்த சின்னவள் கேட்டாள்.

“அண்ணே, அந்த என்ஜினை என்ன பண்ணாங்க? அது எங்க அக்காவோடதுதானே?”

டாக்ஸிக்காரர் செருப்பை மாட்டியபடியே தயங்கினார்.

“இல்லம்மாடி. ஊர் பேச்சு அது. நேத்துதான் வேற மெக்கானிக் பிரிச்சுப் பாத்தாரு. புத்தம்புது என்ஜின். உங்க அக்காவோடதை உருக்குறதுக்கு அப்பவே அனுப்பிட்டாங்களாம். இதுல ஒரு கீறல்கூட இல்ல. கூழாங்கல்லு சத்தம் வந்ததுக்கு அடையாளமே இல்லையாம்.”

“அப்போ அவர் காதுல கேட்டது...”

“அதைத்தான் உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பாக்குறேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நான் வண்டிக்கு நேரெதிர நின்னேன். காலை எடுங்க, எடுங்கன்னு கையை ஆட்டினேன். நீங்க எடுக்கல. சாவியத் தொடவே இல்ல.”

“எடுத்தேன் அண்ணே. சாவி என் கையில இருந்தது.”

“வண்டியிலதான் இருந்தது. அப்புறமா நான்தான் உருவுனேன். நீங்க அவரையே பாத்துப் பேசிக்கிட்டிருந்தீங்க. நீங்க நிறுத்தினா அவரு பதில் சொல்லுவாரு. அவரு நிறுத்தினா நீங்க பேசுவீங்க. கண்ணாடி ஏத்தியிருந்தது... அவ்ளோ இரைச்சல்... எனக்கு ஒரு வார்த்தை கேக்கல. அவருக்கு மட்டும் கேட்டுது.”

பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது சின்னவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“நான் பேசவே இல்ல அண்ணே.”

“அதுகூடப் பரவால்லம்மாடி. எல்லாம் முடிஞ்சு இறங்கி வந்தீங்களே... எங்கிட்ட ஒண்ணு கேட்டீங்க. ஞாபகம் இருக்கா?”

“என்ன கேட்டேன்?”

அவர் படியிறங்கிவிட்டார். தெருவில் நின்றுதான் சொன்னார்.

“‘என் தங்கச்சி எங்கே?’ன்னு கேட்டீங்க.”