வெளியே அடிக்காத வீரணன்

போடியில் யாராவது கைக்கு வந்த காரியத்தைக் கோட்டை விட்டால், "என்னடா, வீரணன் மாதிரி ஆடுறே" என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. டீக்கடையில் சொல்கிறார்கள். நான் வேலை பார்க்கும் ஏலக்காய் குடோனில் சொல்கிறார்கள். பந்தைக் காலால் தொட்டே பார்க்காதவர்கள்கூடச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். சொல்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஆட்டத்தை வாட்ஸப்பில் பதினைந்து விநாடி பார்த்தவர்கள். அதற்கு முன்னால் நடந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

என் பெயர் சோணை. ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கிற வேலை. எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் பதினோரு வருஷம் ஸ்டாப்பராக நின்றேன். கோல்கீப்பருக்கு முன்னால் நடுவில் நின்று எதிராளியைத் தடுக்க வேண்டியவன் ஸ்டாப்பர். எங்கள் அணியை நடத்துகிற அமாவாசை அண்ணன், பஸ்சில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய காலத்து ஆள். அவர் போடும் ஆட்டத்தில் ஸ்டாப்பர் ஒருவன்தான். நான் இருக்கும்வரை இன்னொருவனுக்கு அங்கே இடமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வீரணன் வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. போடிமெட்டுக்கு அப்பால் ஒரு எஸ்டேட் லயத்தில், கூலியாட்களுக்கான வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அவன் தாய் மொக்கம்மாள் அங்கே காய் எடுக்கும் வேலையில் இருந்தாள், தகப்பன் இல்லை. பத்தாவது முடித்ததும் கீழே இறங்கி, போடியில் சின்னம்மா குருவம்மாள் வீட்டில் தங்கினான். விடியுமுன் சின்னம்மாவோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறுவான். ஏதாவது ஒரு தோட்டத்தில் பகல் முழுதும் செடிகளுக்கு மருந்தடிப்பான். சாயங்காலம் ஜீப் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நேராக மைதானத்துக்கு ஓடி வருவான். சட்டையில் மருந்து நாற்றம் அடிக்கும். எங்கள் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஆட்டத்தைப் பார்த்த முதல் நாளே, என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டான் என்று புரிந்துவிட்டது. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கு எப்படியோ முன்பே தெரிந்துவிடும். நான் இடித்துத் தள்ளி எடுக்கிற பந்தை அவன் ஆளைத் தொடாமலே எடுத்துவிடுவான். எடுத்த பிறகுதான் தகராறு. கோலுக்குப் பக்கத்தில் எதிராளி நெருங்கிவிட்டால், தடுப்பவன் பந்தை எங்கேயாவது ஓங்கி வெளியே அடித்துத் தொலைக்க வேண்டும். சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம். வீரணன் மட்டும் அடிக்க மாட்டான். பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்புவான், சுற்றுவான், கோட்டுக்குள்ளேயே வழி தேடுவான். பத்தில் எட்டு முறை தப்பித்துவிடுவான். மற்ற இரண்டு முறை கோல் விழும்.

அமாவாசை அண்ணன் கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரு மாதம் முழுக்க, தினமும் ஐம்பது பந்து வெளியே அடிக்க வைத்தார். பயிற்சியில் அழகாக அடித்தான். ஆட்டம் என்று வந்தால், எல்லைக்கோட்டுப் பக்கம் போனதும் அவன் கால் மறுத்துவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். இப்படியே மூன்று சீசன் பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்று கோல் முன்னால் இருந்தால் கடைசிப் பத்து நிமிஷம் அவனை இறக்குவார்கள். அதற்காக ஒரு நாள்கூட அவன் முகம் சுளித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் என் பூட்ஸில் ஒட்டிய மண்ணை அவனே குச்சியால் தட்டித் தருவான். வேண்டாமென்றாலும் கேட்க மாட்டான்.

நான்காவது சீசனில் அவனுக்கு ஒரு கெடு வந்தது. தை மாதம் மொக்கம்மாளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அல்லது பிள்ளை அந்த வேலையில் சேர வேண்டும். மொக்கம்மாள் நியாயமான மனுஷி. பந்து உனக்கு நிலையாக ஓர் இடம் கொடுத்தால் கீழேயே இரு, நானும் தங்கச்சி வீட்டுக்கு வந்துவிடுகிறேன், இல்லையென்றால் தையில் மேலே வந்து பேரைப் பதிந்துகொள் என்று மகனிடம் சொல்லியிருந்தாள். அமாவாசை அண்ணனும் வாக்குக் கொடுத்தார். மார்கழிக்குள் முதல் பதினொரு பேரில் இடம் பிடித்துவிட்டால், அடுத்த வருஷம் அவன் பெயரை மதுரையில் ஒரு மில் அணிக்குச் சொல்வதாக. ஆக வீரணனுக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் இடம். அந்த இடத்தில் நான் நின்றேன்.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று. வலது முட்டி வீங்க ஆரம்பித்திருந்தது. எண்ணெய் தேய்த்து, துணி கட்டி, யாருக்கும் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன்.

ஆவணியில் பச்சைக்காய் வரத்து உச்சத்தில் இருந்தபோது, ஒரு லோடு ஏற்றிவர வீரணன் பிறந்த எஸ்டேட்டுக்கே போக நேர்ந்தது. காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் சின்ன முற்றம். லயத்துப் பிள்ளைகள் அதில் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஸ்டோர். மற்ற மூன்று பக்கமும் முற்றம் முடிகிற இடத்திலேயே சரிவு, சரிவு நெடுக ஏலச்செடி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து ஓர் ஓரத்துக்கு உருண்டது. பத்து வயதிருக்கும் ஒரு பெண்பிள்ளை அப்படியே குப்புற விழுந்து, பந்தை நெஞ்சோடு அணைத்து நிறுத்தினாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. யாரும் ஆட்டத்தை நிறுத்தவில்லை.

மொக்கம்மாள் என்னை அடையாளம் கண்டு, பால் சேர்க்காத கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பிள்ளை ஏன் அப்படி விழுகிறது என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஏலச்செடிக்குக் காய் உச்சியில் இல்லை. தூரிலிருந்து சரம் கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்துதான் காய்க்கும். மேலேயிருந்து பந்து உருண்டால் சரம் ஒடியும். எடுக்கப் போகிறவன் கால் பட்டால் இன்னும் பத்துச் சரம் ஒடியும். அதனால் எஸ்டேட்டில் ஒரு கட்டுப்பாடு. பந்து செடிக்குள் விழுந்தால், எந்தப் பிள்ளை அடித்ததோ அந்தப் பிள்ளையின் தாயை மறுநாள் காலை, ஆட்களைப் பெயர் கூப்பிடும் இடத்தில் தனியே நிறுத்திவிடுவார்கள்.

"வீரணனுக்குப் பத்து வயசுல ஒரு மட்டம் பந்தைச் செடிக்குள்ள அடிச்சுவிட்டுட்டான் தம்பி. மறுநா எல்லாருக்கும் முன்னாடி என்னைய நிறுத்தி, இன்னைக்கு ஒனக்குப் பணி இல்லைன்னுட்டாரு சூப்பர்வைசரு. மழையில நின்னேன். இவன் லயத்து வாசல்ல இருந்து பார்த்துக்கிட்டே இருந்தான். அதோட சரி. அதுக்கப்புறம் அவன் கால்ல இருந்து ஒரு பந்து வெளியே போனதில்லை."

கடைசி வாக்கியத்தை அவள் பெருமையாகத்தான் சொன்னாள். நான் சாயா டம்ளரைக் கீழே வைத்தேன். மூன்று வருஷமாக நாங்கள் முட்டாள்தனம் என்றும் திமிர் என்றும் வைத வியாதிக்கு மருந்து என் கையில் கிடைத்துவிட்டது. அமாவாசை அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எப்பேர்ப்பட்ட முரடனையும் உட்கார வைத்துப் பேசித் திருத்துகிறவர். இன்னும் நாலு மாதம் இருந்தது. வீரணன் திருந்திவிடுவான், மார்கழிக்குள் என் இடத்தில் நிற்பான்.

ஜீப்பில் இறங்கும்போது, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள், இந்த ஆட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு, அவனுக்கே தெரியாமலா இருக்கும், நான் எதற்கு நடுவில் என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டேன். மனுஷன் நினைத்தால் எதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். உண்மை என்னவென்றால், இது என் கடைசி சீசன் என்று எனக்குத் தெரியும். அதை முழுசாக ஆடிவிட ஆசைப்பட்டேன். அவ்வளவு கேவலமான விஷயம்தான். ஐப்பசி போயிற்று. கார்த்திகையும் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

மார்கழி மூன்றாவது ஞாயிறு, கம்பம் அணியோடு கடைசி ஆட்டம். சமன் செய்தாலே கோப்பை எங்களுக்கு. ஆளுக்கொரு கோல் போட்டிருந்த நிலையில், இடைவேளை முடிந்து ஐந்தாவது நிமிஷம் என் முட்டி பிசகிவிட்டது. என்னைத் தூக்கி எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அமாவாசை அண்ணனுக்கு வேறு ஆளில்லை. வீரணனைக் கூப்பிட்டு, "கண்ணை மூடிக்கிட்டு வெளியே அடி. வேற ஒண்ணும் செய்யாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு அவன் ஆடின ஆட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நாற்பது நிமிஷம் கம்பத்து ஃபார்வர்டுகளை ஓர் அடி உள்ளே விடவில்லை. மூன்று பந்தைத் தலையால் மோதித் திருப்பினான். கோல்கீப்பரைத் தாண்டிய ஒரு பந்தைக் கோட்டின்மேல் வைத்து நிறுத்தினான். எங்கள் ஆட்கள் எழுந்து நின்று அவன் பெயர் சொல்லிக் கத்தினார்கள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவன் பெயரைக் கேலி இல்லாமல் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கீழேயே இருக்கப்போகிறான், பிழைத்துக்கொண்டான் என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது. என் பாவம் கழிந்தது என்ற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது.

கடைசி நிமிஷம். நான் உட்கார்ந்திருந்த பக்கமே, கோலுக்கு ஓரமாகப் பந்து உருண்டு வந்தது. வீரணன்தான் முதலில் எட்டினான். பின்னால் இரண்டு பேர் துரத்தி வந்தார்கள். எல்லைக்கோடு அவனுக்கு மூன்றடியில் இருந்தது. ஒரு தட்டுத் தட்டினால் ஆட்டம் முடிந்தது. மைதானமே "வெளியே அடி" என்று அலறியது. அவன் காலை ஓங்கினான். ஓங்கிய கால் இறங்கவில்லை. என் கண்ணுக்கு நேரே அது நடந்தது. பந்தைப் பாதத்தால் இழுத்து உள்ளே திரும்பினான். துரத்தி வந்தவர்களில் ஒருவன் அதைக் கொத்திக்கொண்டு போய்க் கோலடித்தான். வாட்ஸப்பில் சுற்றுவது அந்தப் பதினைந்து விநாடிதான்.

அமாவாசை அண்ணன் திட்டவில்லை. பக்கத்தில் போய், ஏன்டா அடிக்கவில்லை என்று மெதுவாகத்தான் கேட்டார். வீரணன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலைண்ணே" என்றான்.

அது பொய்யில்லை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தெரிந்தவன் நான், முட்டியில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அணிச் சட்டையைத் துவைத்து மடித்துக் குருவம்மாளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பொங்கலுக்கு முன்னால் அவன் மலைக்குப் போய்விட்டான்.

தை கடைசியில் பொறுக்க முடியாமல் அமாவாசை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, இதை என்னிடம் ஏன் சொல்கிறாய், அவனிடம் போய்ச் சொல் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை அவர் என்னோடு பேசுவதில்லை. மறுநாள் ஜீப்பேறினேன்.

வீரணன் செடிகளுக்கு நடுவே மருந்தடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பழைய சிரிப்போடு மேலே வந்தான். முட்டி எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டான். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவன் தாயை மழையில் நிறுத்திய காலையைச் சொன்னேன். அவன் திரும்பிச் சரிவைப் பார்த்தான். இப்போதுதான் அவனுக்கே விளங்குகிறது என்று முகத்தில் தெரிந்தது.

"ஒங்களுக்கு எப்பண்ணே தெரியும்?" என்றான்.

"ஆவணியில."

அவன் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் அடிக்கவில்லை, ஒரு சொல் கடிந்து பேசவில்லை. மருந்து டேங்கை முதுகில் சரிசெய்துகொண்டு, "ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிராதீகண்ணே. தன்னாலதான்னு அழுதுகிட்டே இருப்பா" என்று சொல்லிவிட்டுச் செடிக்குள் இறங்கினான். சரம் எதையும் மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினான்.

திரும்பும் வழியில் மொக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். லயத்து வாசலில் உட்கார வைத்து, வேலையில்லாமல் கை சும்மா இருந்து பைத்தியம் பிடிக்கிறது என்று சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்றைக்கு அவன் ஏன் தம்பி அடிக்கவில்லை, அவன் தப்பா என்று கேட்டாள். மகனிடம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லையாம்.

"அவன் தப்பு இல்லை ஆத்தா. என் தப்பு. நான் முன்னாடியே அவனுக்கு எடத்தை விட்டிருக்கணும்" என்றேன்.

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"நீ எதுக்குப்பா விடணும்? என் எடத்தை நான் விட்டேன்னா, நான் பெத்தவ. நீ அவனுக்கு யாரு?"

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.